தொலைந்த பொருள் அறையில் ஒரு சாம்பல் கட்டம்

பேருந்துப் பணிமனையில் அவர் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வாசலைத் தாண்டியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுவது வேலை. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களுக்குச் சீட்டுக் கட்டி அலமாரியில் வைப்பதும் அவர் பொறுப்புதான். ஆனால் நேரக் காப்பாளர் என்று கேட்டால் பணிமனையில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'எதுக்கும்' என்று கேட்க வேண்டும். "எதுக்கும் எழுதி வச்சிடுவோம்" என்று சொல்லாமல் அவர் ஒரு காரியமும் செய்ததில்லை. அந்தப் பெயர் எப்போது ஒட்டியது என்று அவருக்கே தெரியாது. அதை மட்டும் எழுதி வைக்கவில்லை போலும்.

நான் பதினெட்டு வருடம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவன். அவரைப் புத்திசாலி என்று சொல்ல மாட்டேன். நல்லவர் என்று சொல்லவும் கொஞ்சம் யோசிப்பேன். நல்லவர் கெட்டவர் என்று தெரியும்படியான சந்தர்ப்பம் எங்கள் வேலையில் அதிகம் வராது. கவனமானவர் என்று சொல்லலாம். அந்தக் கவனத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. எல்லாவற்றையும் எழுதுவார், எழுதியதை ஒருநாளும் திருப்பிப் படிக்க மாட்டார். நீள நோட்டு ஒன்று முடிந்ததும் அட்டையில் தேதி போட்டு, தொலைந்த பொருள் அறையின் மேல் தட்டில் அடுக்கிவிடுவார். எழுதியாகிவிட்டது என்பதே அவருக்குப் போதும்.

அந்த அறையில்தான் பழைய கணினி இருந்தது. பொருள்களுக்கான சீட்டை அச்சடிக்க மட்டும் பயன்பட்டது. அதில் ஓடிய லினக்ஸ் இயங்குதளம், வந்து பன்னிரண்டு வருடம் ஆனது. அதை உருவாக்கியவர்களே மறந்துவிட்ட பதிப்பு. விசைப்பலகையில் ஒரு விசை விழுந்து, அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் ஒன்றை ஒட்டியிருந்தார். கிளம்ப ஆறு நிமிடம் எடுக்கும். அதற்குள் அவர் மேசையைத் துடைத்து, பேனாவுக்கு மை போட்டு, அன்றைய பக்கத்தில் கோடு கிழித்திருப்பார்.

இந்தக் கணினி திடீரென்று முக்கியமானது ஓர் ஓட்டுநரால். இந்த ஓட்டுநர் நேரக் காப்பாளருடைய மனைவியின் தம்பி. ஆள் உயரம், நாக்கு அதைவிட நீளம். மூன்று வாரத்துக்கு முன் அவர் ஓட்டிய வண்டியிலிருந்து இறங்கும்போது தையல்கார அம்மா ஒருவர் கீழே விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தான் ஒரு காலைப் படியில் வைத்திருக்கும்போதே வேண்டுமென்றே வண்டியை எடுத்தார் என்று அந்த அம்மா எழுதிக் கொடுத்திருந்தார். அவர் இரண்டு காலையும் தரையில் வைத்ததைக் கண்ணாடியில் பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்த பிறகுதான் கதவை மூடினேன் என்றார் ஓட்டுநர். ஏற்கெனவே அவர் பெயரில் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் இருந்தன. மூன்றாவது விழுந்தால் இனி ஸ்டியரிங் கிடையாது. நாற்பத்தாறு வயதில், வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர்.

வண்டியின் பின்கதவுக்கு மேலே ஒரு கேமரா உண்டு. நடந்தது அதில் பதிவாகியிருந்தது. பதிவுப் பெட்டியை மேனேஜர் அம்மா அன்றைக்கே கழற்றி, சீல் வைத்து, பாதுகாப்பாக வைத்துவிட்டார். சிக்கல் வேறு. பெட்டியைத் தயாரித்த கம்பெனி மூடிப் பல காலம் ஆகிவிட்டது. படத்தை அந்தப் பெட்டியின் சொந்தப் பக்கத்தில்தான் பார்க்க முடியும். அந்தப் பக்கம் படத்தைக் காட்ட, பிரவுசருக்குள் பிளக்-இன் என்ற ஒரு துணை நிரல் வேண்டும். அலுவலகத்துப் புதுக் கணினிகளின் பிரவுசர்கள் அந்த வகைப் பிளக்-இன்னை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரே பிரவுசர் தொலைந்த பொருள் அறையில் இருந்தது. அங்கே பக்கத்தைத் திறந்தால், படம் வர வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். நடுவில் ஒரு வரி: 'இதைக் காண்பதற்கான பிளக்-இன் இல்லை.'

விசாரணை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அதற்குள் படம் ஓடினால் பார்ப்போம், இல்லாவிட்டால் புகாரை வைத்தே முடிவு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பெட்டியை 'எதுக்கும்' கையில் கொடுத்தபோது இன்னொன்றும் சொன்னார். ஓட்டுநர் உங்கள் மச்சினன் என்பது ஊருக்கே தெரியும். அந்த நாளின் பதிவை எல்லாரும் சேர்ந்துதான் முதலில் பார்க்க வேண்டும், அதற்கு முன் யாரும் தொடக்கூடாது. இவர் தலையாட்டி, அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று முழுக்க நடந்ததை எனக்கு இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். முதலில் கணினியிடமே பிளக்-இன்னைக் கேட்டார். அது வழக்கமான முகவரியில் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஓர் இடமே இல்லை என்று திரும்பி வந்தது. பழைய பதிப்புகளுக்கான சரக்கையெல்லாம் வேறு கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று படித்துத் தெரிந்துகொண்டு, முகவரிகள் இருந்த கோப்பில் எட்டு வரிகளைத் திருத்தினார். ஒவ்வொரு வரியையும் திருத்தும் முன் பழையதை நோட்டில் எழுதினார். அந்தக் கிடங்கு பதில் சொன்னது. ஆனால் பெட்டி கேட்ட பிளக்-இன் அங்கே இல்லை. அது கம்பெனியின் சொந்தச் சரக்கு.

"மாட்டியிருந்துச்சு" என்றார் என்னிடம். "நானே ஒரு தடவை இதுல படம் பாத்திருக்கேன். ஹார்ட் டிஸ்க் மாத்தினான் பாருங்க, அப்ப போயிருக்கு."

டிஸ்க்கை மாற்றியவர் எங்கள் பணிமனை எலெக்ட்ரீஷியன். மூன்று நாள் அந்த மனிதர் பெயர் இந்த அறையில் நல்லபடியாக உச்சரிக்கப்படவில்லை.

மதியம் ஓட்டுநர் வந்து வாசல்நிலையில் சாய்ந்து நின்றார். விசாரணை முடியும்வரை அவருக்கு வேலை இல்லை; ஆனாலும் சீருடை போட்டுக்கொண்டுதான் வந்தார்.

"என்ன அத்தான், பொட்டி வாயத் திறக்குமா, திறக்காதா?"

"திறக்கும். அவசரப்படுத்தாத."

"நான் எங்க அவசரப்படுத்துறேன். வியாழக்கிழமைதான் படுத்துது."

செவ்வாய்க்கிழமை, வேறு யாரோ எங்கோ சேமித்து வைத்திருந்த பிளக்-இன் ஒன்று இணையத்தில் அகப்பட்டது. முன் அலுவலகத்துக் கணினியில் இறக்கி, பென் டிரைவில் போட்டு எடுத்துவந்தார். அதை நிறுவப்போனால் அது வேறொரு நிரலைக் கேட்டது. அதைத் தேடிக் கொடுத்தால், அது இன்னொன்றைக் கேட்டது. கல்யாண வீட்டில் சமையல்காரர் சாமான் பட்டியலை நீட்டிக்கொண்டே போவது மாதிரி இருந்தது. ஐந்து நிரல்களைத் தேடிப் போட்ட பிறகு சாயங்காலம் நாலரை மணிக்கு எல்லாம் நிறைவேறி, பிரவுசரை மூடித் திறந்தார். அதே சாம்பல் கட்டம். கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் கேட்டுப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. இறக்கியது அறுபத்து நான்கு பிட் கணினிக்கானது, இது முப்பத்திரண்டு. இனத்திலேயே சேராத ஒன்றுக்கு நாள் முழுக்க விருந்து வைத்திருக்கிறார்.

அவர் கோபப்படவில்லை. நோட்டில் 'பொருந்தவில்லை' என்று எழுதி, நேரம் போட்டார். வீட்டில் அவர் மனைவி அந்த மூன்று நாளும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் என்று பிறகு சொன்னார். "வந்துச்சா?" வேறு பேச்சில்லை. தம்பிக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன் என்றார்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில்தான் அது நடந்தது. எலெக்ட்ரீஷியனிடம் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, டிஸ்க்கை மாற்றிய தேதியை எடுக்க மேல் தட்டிலிருந்து பழைய நோட்டு ஒன்றை இறக்கினார். ஆதாரத்தோடு சண்டை போட வேண்டும் என்ற எண்ணம். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் தன் நோட்டைத் தானே படித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். டிபன் டப்பாவை ஒரு பக்கம் தள்ளிவிட்டு விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார். அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

டிஸ்க் மாற்றி ஐந்து மாதம் கழித்து எழுதியது. 'காலை 11.20. பிரவுசர் எச்சரிக்கை காட்டியது. இந்தப் பிளக்-இன் பழையது, பாதுகாப்பற்றது, நீக்கவும் என்கிறது. நீக்கினேன். எதுக்கும் இருக்கட்டும் என்று கோப்பை "பிறகு பார்க்க" என்ற அடைவில் போட்டு வைத்தேன்.' அவர் கையெழுத்து. எப்போதும்போலக் கீழே நேர்க்கோடு.

யாருக்காவது அது தேவைப்படுமா என்று அவர் அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. எச்சரிக்கை வந்தது, கீழ்ப்படிந்தார். சாம்பல் கட்டத்தை வரவழைத்தவர் அவரேதான். மூன்று நாள் தேடிய கோப்பு அதே கணினியில், அவரே பெயர் வைத்த அடைவில், தூங்கிக்கொண்டிருந்தது.

கோப்பை எடுத்துப் பிளக்-இன்கள் இருக்க வேண்டிய இடத்தில் போட ஒரு நிமிடம் ஆனது. பிரவுசர் மறுபடியும் எச்சரித்தது. 'அனுமதி' என்பதை அழுத்தும் முன் சுட்டி அங்கேயும் இங்கேயும் இரண்டு தடவை போய் வந்தது. அதற்குள் ஓட்டுநரும் வந்துவிட்டார்.

சோதித்துப் பார்க்க 'எதுக்கும்' வேறொரு நாளின் பதிவைத்தான் தேர்ந்தெடுத்தார். சாம்பல் கட்டம் கறுத்தது, துடித்தது, பிறகு படமானது. ஆளில்லாத வண்டி. கழுவும் கூடத்தில் நிற்கிறது. கண்ணாடியில் நுரை வழிய, பெரிய தூரிகைகள் சுழல்கின்றன. நாங்கள் மூன்று பேரும் அந்த வெறும் வண்டி குளிப்பதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்ப அந்த நாளப் போடுங்க" என்றார் ஓட்டுநர்.

"நாளைக்கு."

"ரெண்டே நிமிஷம் அத்தான். கதவச் சாத்திக்குவோம். பாத்தா படம் என்ன தேஞ்சா போயிடும்?"

"தேயாது. நான் பாத்துட்டேன்னு ஆயிடும்."

"பாத்துட்டு பாக்கலன்னு சொல்லுங்க."

"நோட்டுல என்ன எழுத?"

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். "ஒரு நாளைக்காவது எழுதாம இருந்து பாருங்களேன்" என்று முணுமுணுத்தார். அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. தொப்பியைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

'எதுக்கும்' படத்தை நிறுத்தினார். திரும்பி உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இதக் கழட்டுனது எலெக்ட்ரீஷியன் இல்ல. நான்தான்."

நோட்டைக் காட்டினார். ஓட்டுநர் நின்றபடியே படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மூணு நாளா அவர இந்தத் திட்டு திட்டுனீங்களே."

"ஆமா. சத்தியமே பண்ணியிருப்பேன். அவ்வளவு தெளிவா நினைவு இருந்துச்சு."

ஓட்டுநர் நோட்டை மூடிக் கொடுத்தார். அதன் பிறகு, அந்த நாளின் பதிவைப் போடச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. அத்தான்மேல் கோபம் என்றுதான் நான் அப்போது நினைத்தேன். தன் நினைவின் மேலும் அவருக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது என்பது மறுநாள்தான் புரிந்தது.

வியாழக்கிழமை விசாரணையைத் தொலைந்த பொருள் அறையிலேயே நடத்த வேண்டியதாயிற்று, ஏனென்றால் கணினியை நகர்த்தினால் மறுபடி கிளம்புமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. மேனேஜர், தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர், கணினியை இயக்க 'எதுக்கும்', குறிப்பெடுக்க நான், ஓட்டுநர், வலது கையில் மாவுக்கட்டோடு தையல்கார அம்மா. சுற்றிலும் சீட்டுக் கட்டிய பைகள், ஒற்றைச் செருப்புகள், வரிசையாகத் தொங்கும் குடைகள். அந்த அம்மா யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். ஊசி பிடிக்கும் கை அது. மூன்று வாரமாக வந்த துணியெல்லாம் திருப்பி அனுப்பப்படுகிறது என்று புகாரிலேயே எழுதியிருந்தார்.

படம் ஓடியது. பின்கதவு திறக்கிறது. தையல்கார அம்மா இறங்குகிறார். இரண்டு காலும் தரையில். ஓட்டுநர் சொன்னது சரிதான் என்று சங்கத்துக்காரர் வாயைத் திறந்தார். மேனேஜர் கையைக் காட்டி அடக்கினார். படம் இன்னும் முடியவில்லை. அந்த அம்மா இரண்டடி நடந்து, சட்டென்று திரும்புகிறார். ஒரு காலைப் படியில் ஏற்றி, உள்ளே கம்பியில் மாட்டியிருந்த எதையோ எடுக்கக் கையை நீட்டுகிறார். கதவு மூடத் தொடங்குகிறது. கையை இழுத்துக்கொள்கிறார். வண்டி நகர்கிறது. விழுகிறார். கம்பியில் ஒரு குடை ஆடிக்கொண்டே போகிறது.

இரண்டாவது தடவையும் ஓட்டிப் பார்த்தார்கள். இறங்கியதற்கும் கதவு மூடியதற்கும் நடுவில் நான்கு விநாடி.

"குடை" என்றார் தையல்கார அம்மா மெதுவாக. "குடைக்காகத் திரும்புனேனா? எனக்கு அது நினைவே இல்லயே. ஒரு கால் படியில இருந்துச்சு, அவ்வளவுதான் தெரியும். இறங்கும்போதுன்னே நெனச்சிட்டேன்."

ஓட்டுநர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் மூடுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்தேன்னு சொன்னேன். பாக்கலம்மா. பாத்திருந்தா தெரிஞ்சிருப்பீங்க. முதல் தடவை பாத்ததையே ரெண்டாவது தடவைன்னு சொல்லியிருக்கேன்."

யாரும் யாரையும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அந்த அறையில் அது தேவைப்படவும் இல்லை.

அப்போதுதான் 'எதுக்கும்' எழுந்து, தன் முதுகுக்குப் பின்னால் தொங்கிய குடைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நான்காவது. கறுப்பு, மரப் பிடி. அதன் கழுத்தில் அவர் கட்டிய சீட்டு: அந்த நாள், அந்த வண்டி எண், 'பின்கதவருகே கம்பியில்'. வண்டியைப் பெருக்குகிறவர் கொண்டுவந்து கொடுத்ததை மூன்று வாரத்துக்கு முன் அவர்தான் எழுதிக் கட்டியிருக்கிறார். எழுதியதோடு சரி. மூன்று நாளாக அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அதே நாளைத் தேடிக்கொண்டிருந்தார்.

குடையை நீட்டினார். அந்த அம்மா இடது கையால் வாங்கப்போனபோது, ஒரு நிமிடம் என்று சொல்லி, பொருள் பெற்றுக்கொண்ட பதிவேட்டைத் திறந்து வைத்தார்.

"ஒரு கையெழுத்து வேணும்."

மேனேஜர் நெற்றியைத் தடவிக்கொண்டார். தையல்கார அம்மா தன் மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"இடது கையில போட்டா எம் பேரு எனக்கே அடையாளம் தெரியாதே."

"பரவால்லம்மா. நீங்க போட்டதுதான்னு பக்கத்துல நான் எழுதிடுறேன்."

அவர் போட்டார். வெகுநேரம் ஆயிற்று. ஓட்டுநர் பதிவேடு நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். கையெழுத்தின் கடைசி வளைவு கோட்டுக்கு வெளியே போனபோது அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அன்று அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

தையல்கார அம்மா புகாரைத் திரும்பப் பெறவில்லை. திரும்பப் பெற வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. 'வேண்டுமென்றே' என்ற சொல்லை மட்டும் அடிக்கச் சொன்னார். மேனேஜர் மூன்றாவது கடிதம் கொடுக்கவில்லை. ஒரு மாதம் வண்டி கிடையாது, பயிற்சி ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும், பிறகு மறுபடி ஸ்டியரிங் என்று முடிவானது. இருபது வருடம் ஓட்டியவருக்கு இது அவமானம்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

விசாரணைக் குறிப்பில் தாமதத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பழைய கணினி என்று போட்டுக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். 'எதுக்கும்' பேனாவை என்னிடமிருந்து வாங்கி, பிளக்-இன்னை நீக்கியது தான்தான் என்றும், யாரையும் கேட்காமல் நீக்கியதாகவும் எழுதினார். பிறகு எலெக்ட்ரீஷியனைத் தேடிப் போனார். அந்த மனிதருக்கோ தன்மேல் பழி விழுந்ததே தெரியாது. விஷயத்தைக் கேட்டு முடித்தவர், இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே, இப்போதுதான் கோபம் வருகிறது என்றாராம்.

கணினியில் பிரவுசர் இன்னும் திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கிறது. அதற்கு வேறு வேலையில்லை. திரையின் ஓரத்தில் இப்போது தொலைந்த பொருள் சீட்டு ஒன்று தொங்குகிறது: 'பிளக்-இன் இருக்கிறது. கழற்றும் முன் கேட்கவும்.' சனிக்கிழமைகளில் அவர் அந்த வாரத்துப் பக்கங்களை எடுத்துப் படிக்கிறார். படிப்பதால் என்ன தெரிந்தது என்று கேட்டேன். பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றார். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து ஓட்டுநர் திரும்ப வண்டி எடுத்தார். ஆறே காலுக்குப் புறப்பட வேண்டிய வண்டி. வாசலுக்கு வந்து நின்று, பின்கதவைத் திறந்தார், கண்ணாடியைப் பார்த்தார், மூடினார். இறங்க யாரும் இல்லாத வெறும் வண்டி. மறுபடி பார்த்தார். எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்ததும் வண்டியை மெதுவாக்கினார்.

"அத்தான், ஆறே கால்தான?"

இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பதினாறு என்று எழுதிவிட்டு, கையை அசைத்தார்.